பிள்ளை பிறந்த பின் வரும் மனச்சோர்வு: யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

கேள்வி கேட்டவர் கட்டாரில் வேலை செய்கிறார். மனைவிக்கு ஏழாம் மாதம், யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டில் இருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கரு நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. அதற்குப் பிறகு மனைவி மனச்சோர்வுக்குச் சில மாதம் மாத்திரை எடுத்திருக்கிறார். இந்த முறை கர்ப்பம் என்று தெரிந்ததும் வைத்தியரைக் கேட்காமலே அதை நிறுத்திவிட்டார். "பிள்ளை பிறந்த பிறகு மனச்சோர்வு வருவதற்கான ஆபத்துக் காரணிகள் என்ன? சிசேரியன் செய்தால்தான் வரும் என்று அம்மா சொல்லுறா, உண்மையோ?" என்று கேட்டிருக்கிறார். கேள்வி பொதுவாக இருந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: என் மனைவிக்கு வருமா, மாத்திரையை நிறுத்தியது பிழையா, இவ்வளவு தூரத்தில் இருந்து நான் என்ன செய்யலாம். அதனால் உங்கள் வீட்டையே முன்னால் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஆளை நேரில் பாராமல் நோய் இருக்கிறது, இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. கீழே உள்ளதெல்லாம் எதைக் கவனிக்க வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்பதற்கு மட்டுந்தான்.

முதலில் மூன்று நிலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் வரும் குழப்பம் பாதி இவற்றை ஒன்றாகப் போட்டுக் கலப்பதால் வருவது. பிள்ளை பிறந்த மூன்றாம் நாலாம் நாளில் காரணம் இல்லாமல் அழுகை வரும், சின்னச் சொல்லுக்கும் மனம் நோகும். தாய்மாரில் பாதிப்பேருக்கு மேல் இது வருகிறது, இரண்டு கிழமைக்குள் தானாகப் போய்விடும், மருந்து தேவையில்லை. இரண்டாவது, மனச்சோர்வு நோய். இரண்டு கிழமை தாண்டியும் மனம் எழும்பாமல் கிடப்பது, எதிலும் விருப்பம் இல்லாமல் போவது, பிள்ளை நித்திரை கொள்ளும்போதும் தனக்கு நித்திரை வராமல் இருப்பது, "நான் ஒரு தாயா?" என்ற குற்ற உணர்வு. பணக்கார நாடுகளில் நூறு தாய்மாரில் 10 முதல் 15 பேருக்கு இது வருகிறது. எங்களுடையதைப் போன்ற நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கு என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. மூன்றாவது, தாயின் சிந்தனையே தடம் மாறும் கடுமையான மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்குத்தான் வரும், ஆனால் அது அவசர சிகிச்சைக்குரியது. மூன்றுக்கும் காரணிகள் வேறு வேறு. நீங்கள் கேட்பது இரண்டாவதைப் பற்றி. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

"பிள்ளை பிறந்த பிறகு" என்று எல்லாரும் சொல்வதால் பிரசவ நாளில்தான் இது தொடங்குகிறது என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிள்ளை பெற்ற 10,000 தாய்மாரை விசாரித்து 2013இல் வெளிவந்த ஆய்வில், மனச்சோர்வு இருக்கலாம் என்று பிடிபட்டவர்களில் 40 வீதமானோருக்குத்தான் அது பிரசவத்துக்குப் பின் தொடங்கியிருந்தது. 33 வீதமானோருக்குக் கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிட்டது, மிகுதி 27 வீதமானோருக்குக் கர்ப்பத்துக்கும் முன்பே இருந்தது. ஆகவே பிள்ளை பிறக்கட்டும் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. ஏழாம் மாதத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்பதே உங்களுக்குக் கிடைக்கக்கூடிய முன்னறிவித்தல்களில் பலமானது.

இனி உறுதியாகச் சொல்லக்கூடியவை. பல நாடுகளில், பல ஆய்வுகளில், திரும்பத் திரும்ப முதலிடத்தில் வருவது, முன்பு எப்போதாவது மனச்சோர்வோ கடும் பதகளிப்போ (பதற்ற நோயோ) இருந்திருப்பது. அதோடு சேர்த்து, இப்போதைய கர்ப்பத்தில் அந்த அறிகுறிகள் இருப்பது. முந்திய பிள்ளைப்பேற்றின் பின் மனச்சோர்வு வந்தவர்களுக்கு இன்னும் கூட. உங்கள் மனைவிக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். இது பலவீனமான மனம் என்றோ பயந்த சுபாவம் என்றோ அர்த்தமில்லை. ஒருமுறை நெஞ்சுவலி வந்தவரை அடுத்த முறை முன்கூட்டியே கவனிப்பது போலத்தான் இதுவும்.

மாத்திரையை நிறுத்தியது பிழையா என்பதற்கு நேர்மையான பதில், ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் இரண்டு பக்கம் உண்டு என்பதே. 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தில் மாத்திரையை நிறுத்திய பெண்களில் 68 வீதமானோருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து எடுத்தவர்களில் 26 வீதமானோருக்கு. இந்த எண்களைப் பார்த்தால் பயம் வரும். ஆனால் அதில் பங்குபற்றியவர்கள் மனநல நிபுணர்களின் சிறப்புக் கிளினிக்குகளில் இருந்து வந்தவர்கள், நீண்டகாலம் கடுமையாக நோய்ப்பட்டவர்கள். சாதாரண மகப்பேற்றுக் கிளினிக்குகளில் பெண்களைச் சேர்த்து 2011இல் வந்த இன்னோர் ஆய்வில் இப்படியான பெரிய வித்தியாசம் காணப்படவில்லை; நாலு முறையோ அதற்கு மேலோ நோய் வந்து போனவர்களுக்குத்தான் ஆபத்துத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. உங்கள் மனைவிக்கு ஒரே ஒரு முறைதான் வந்தது, அதுவும் இழப்பைத் தொடர்ந்து வந்து, சுகமும் ஆனது. இந்த நிலையில், நிறுத்தியதையே பெரிய தவறாக எடுத்து இப்போது அவரை ஏசுவதில் பயன் இல்லை. யாருக்கும் சொல்லாமல் நிறுத்தியதுதான் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அதனால் கிளினிக்கில் எவருக்கும் இந்த வரலாறு தெரியாமல் இருக்கும். பழைய மாத்திரை வீட்டில் மிச்சம் கிடக்கிறது என்று தானாகத் திரும்பத் தொடங்கவும் வேண்டாம். மருந்தின் பெயரைப் பார்த்துக் குறித்துவைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் பல கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் பாவிக்கக்கூடியவை. செர்ட்ரலீன் தாய்ப்பாலில் போவது மிகவும் குறைவு என்பதால் வைத்தியர்கள் அதைத்தான் அதிகம் தெரிவுசெய்கிறார்கள். சோடியம் வால்புரோயேட் கதை வேறு. வலிப்புக்கும் மனநோய்க்கும் தரப்படும் அந்த மருந்து கருவில் உள்ள பிள்ளையைப் பாதிக்கும். பழைய துண்டில் அந்தப் பெயர் இருந்தால் தாமதிக்காமல் சொல்ல வேண்டும்.

கலைந்துபோன கருவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அது ஒரு வரியில் முடியும் விஷயம் இல்லை. "இப்ப இன்னொண்டு வந்திட்டுதுதானே, பழசை விடு" என்பது எங்கள் வீடுகளில் ஆறுதலாகச் சொல்லப்படுவது. ஆனால் பிரித்தானியாவில் 13,000க்கு மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளியான ஆய்வில், முன்னைய கரு இழப்போடு வந்த மனச்சோர்வும் பதகளிப்பும், அடுத்த பிள்ளை ஆரோக்கியமாகப் பிறந்த பிறகும் இரண்டு வருடங்களுக்கு மேல் தொடர்ந்தன. புதுப் பிள்ளை பழைய துக்கத்தை அழித்துவிடாது. கருக்கலைவுக்குப் பிந்திய கர்ப்பத்தில் கூடுதலாகத் தெரிவது பயம். ஸ்கான் நாளுக்கு முதல் இரவு நித்திரை இல்லாதது, பிள்ளை துடிக்கிறதா என்று மணிக்கொருதரம் பார்ப்பது, பிள்ளைக்கு உடுப்பு வாங்க விடாமல் தடுப்பது. முன்கூட்டி வாங்கக்கூடாது என்ற வழக்கம் எங்களிடம் இருப்பதால் கடைசியாகச் சொன்னது வழக்கமா பயமா என்று வெளியில் இருந்து பார்த்தால் பிரித்தறிய முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது துணை. இதிலும் ஆய்வுகளுக்குள் சந்தேகம் இல்லை: கைகொடுக்க ஆள் இல்லாத தாய்க்கு ஆபத்துக் கூடுதல், கணவன் மனைவி உறவு சரியில்லாத இடத்தில் இன்னும் கூடுதல். யாழ்ப்பாணத்தில் இது குறைவு என்று நாங்கள் பெருமையாக நினைப்பதற்கு நியாயம் இருக்கிறது. சீதன வீடு பெண்ணுடையது, தாய் தகப்பன் அதே வளவில் அல்லது அடுத்த ஒழுங்கையில். முதற்பிள்ளை தாய்வீட்டில். துடக்குக் கழியும் முப்பத்தோராம் நாள் மட்டும் அடுப்படிக்குப் போகத் தேவையில்லை. காயம், சரக்குக்கறி, இலை அவித்த சுடுதண்ணீர்க் குளிப்பு எல்லாம் வேளைக்கு வரும். மாமியோடு முதல் நாளிலேயே முட்டுப்படத் தேவையில்லாதது சின்ன நன்மை இல்லை. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில் மனச்சோர்வோடு சேர்ந்து வந்த காரணிகள் குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியோடும் சொந்தத் தாய் தகப்பனோடும் உள்ள பிணக்கு, கர்ப்ப காலத்தில் வந்த துன்பங்கள், உடலுதவிக்கு ஆள் இல்லாமை. தாய் தகப்பனோடு உள்ள பிணக்கும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். தாய்வீடு என்றால் தானாகப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள ஏலாது.

வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுவதில் பயனில்லை. அந்த ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பத்தியம் பார்க்க மூன்று பேர் இருப்பார்கள், இரவு ஒரு மணிக்குப் பிள்ளையைத் தூக்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதிலேயே அம்மம்மாவின் பகல் போய்விடும். வந்தவர்கள் சும்மாவும் போகமாட்டார்கள்: "பால் காணாது போல", "பிள்ளை கறுத்துப்போச்சு", "சிசேரியனோ, அப்ப நோவு தெரியாமல் பெத்திட்டாய்." முப்பத்தோராம் நாள் கழிவு முடிந்ததும் ஆட்கள் கலைவார்கள். நித்திரையில்லாத களைப்புச் சேர்ந்து, பிள்ளையின் அழுகையும் கூடி, ஆறாம் கிழமை அளவில் உச்சத்துக்கு வரும் நேரத்தில் தாய் தனியே நிற்பாள். பிரசவத்தின் பின் ஒரு மாதம் தாயை ஓய்வில் வைத்திருக்கும் இத்தகைய வழக்கங்களைப் பற்றி, குறிப்பாகச் சீனப் பெண்களிடையே, நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மனச்சோர்வைத் தடுக்கிறது என்று சில ஆய்வுகள், இல்லை என்று சில. வழக்கம் நடந்ததா என்பதைவிட, அந்த உதவி தாய் விரும்பிய உதவியாக இருந்ததா என்பதில்தான் வித்தியாசம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கணவன் பிறநாட்டில் இருப்பது தன்னளவில் ஆபத்துக் காரணியா என்றால், துணை இல்லாமை என்ற தலைப்புக்குள் அது வரும். ஆனால் பக்கத்தில் இருந்து குடித்துவிட்டு அடிக்கிற கணவனைவிடத் தூரத்தில் இருந்து பேசுகிற கணவன் ஆயிரம் மடங்கு மேல். கணவனின் வன்முறை, அது சொல்லாலும் இருக்கலாம், மனச்சோர்வை ஏற்படுத்தும் மிகப் பலமான காரணிகளில் ஒன்று; கிளினிக்கில் மிகக் குறைவாக வெளியில் வருவதும் அதுதான். வட மாகாணத்தில் போருக்குப் பின் இதோடு வேறு சுமைகளும் சேர்ந்தன: காணாமற்போன சகோதரன், இறந்த தாய், நுண்கடன் கட்ட வேண்டிய கிழமை. துன்ப நிகழ்வுகளும் வறுமையும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது உறுதியானது. உங்கள் வீட்டில் இவை எவை உண்டு என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை. மனைவியின் தாயே பழைய இழப்பொன்றோடு வாழ்கிறவராக இருந்தால் அவரிடமிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை மட்டும் யோசியுங்கள்.

உங்கள் அம்மாவின் சிசேரியன் கதைக்கு வருவோம். ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் சிசேரியனுக்கும் மனச்சோர்வுக்கும் ஒரு சிறிய தொடர்பு தெரிகிறது, அதுவும் பெரும்பாலும் திட்டமிடாத அவசர சிசேரியனில். அது கத்தியால் வந்ததா, அந்த அவசரத்துக்குக் காரணமான ஆபத்தாலும் பயத்தாலும் வந்ததா என்று பிரித்துக் காட்ட முடியவில்லை. சாதாரணப் பிரசவம் நடந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் மனச்சோர்வு வருகிறது, ஆகவே "சிசேரியன் செய்தால்தான்" என்பது பிழை. சத்திரசிகிச்சைக்குப் பின் நோவை அடக்கப் போதிய மருந்து கிடைக்கிறதா, பிள்ளை குறைமாதத்தில் பிறந்து விசேட பராமரிப்புப் பிரிவில் வைக்கப்படுகிறதா, என்ன நடக்கிறது என்று தாய்க்கு யாராவது சொன்னார்களா என்பவை அதிகம் முக்கியம். குறைமாதப் பிள்ளையின் தாய்க்கு ஆபத்துக் கூடுதல் என்பதில் ஐயம் குறைவு.

ஹோர்மோன் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நச்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரஜனும் புரஜெஸ்டரோனும் சில நாட்களுக்குள் பாதாளத்துக்கு இறங்குகின்றன. இது பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களிலும் நடக்கிறது. நோய் எல்லாருக்கும் வருவதில்லை. 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய பரிசோதனையில், முன்பு பிரசவத்தின் பின் மனச்சோர்வு வந்த 8 பெண்களுக்கும், வராத 8 பெண்களுக்கும் கர்ப்ப நிலைக்கு ஒப்பாக ஹோர்மோன் கொடுத்துப் பின் திடீரென நிறுத்தினார்கள். முதல் எட்டுப் பேரில் 5 பேருக்கு மனநிலை குலைந்தது, மற்ற எட்டில் ஒருவருக்கும் இல்லை. ஒரே இறக்கத்துக்குச் சிலரின் மூளை கூடுதலாக ஆட்டம் காண்கிறது என்பதை இது காட்டுகிறது. பதினாறு பேர்தான் என்பதையும் மறக்கக்கூடாது. அளவு பார்த்து யாருக்கு வரும் என்று சொல்லும் ஹோர்மோன் பரிசோதனை எதுவும் கிடையாது. தனியார் ஆய்வுகூடத்தில் காசைக் கொட்ட வேண்டாம். தைரொயிட் வேறு. பிள்ளை பிறந்த ஒரு வருடத்துக்குள் நூற்றில் ஐந்து பெண்கள் அளவில் தைரொயிட் சுரப்பி குழம்புகிறது. களைப்பு, மனம் சோர்வு, உடம்பு ஊதுதல் என்று அது மனச்சோர்வு போலவே தோன்றும். இரத்தச்சோகையும் அப்படியே. சோர்வு தொடர்ந்தால் தைரொயிட்டையும் ஹீமோகுளோபினையும் பார்க்கும் குருதிப் பரிசோதனை கேட்பது நியாயமானது.

பாலூட்டுவதற்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு இரண்டு பக்கமும் ஓடுகிறது. மனச்சோர்வு வந்தவளுக்குப் பாலூட்டுவது கடினமாகிறது. பாலூட்ட முடியாமல் போனவளுக்கு மனம் சோர்கிறது. எது முதலில் என்று சொல்வது கஷ்டம். பால் வரவில்லை என்று அழுகிறவளுக்கு முதலில் பிள்ளையைச் சரியாகப் பிடித்து வைத்துக் காட்டித்தர ஒரு மருத்துவமாது வேண்டும், அறிவுரை பிறகு. காயமும் சரக்கும் மனச்சோர்வைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சூடாக, வேளைக்கு, ஒருவர் கொண்டுவந்து தரும் சாப்பாடு என்ற அளவில் நல்லது. தண்ணீர் குடிக்க விடாமல், மரக்கறி பழம் கொடுக்காமல் வைக்கும் பத்தியம் மட்டும் கூடாது.

இவ்வளவையும் கூட்டிக் கணக்குப் போட்டு உங்கள் மனைவிக்கு இத்தனை வீதம் என்று சொல்ல ஏலுமா? ஏலாது. காரணிகள் பல இருந்தும் நோய் வராதவர்கள் நிறைய. ஒன்றுமே இல்லாமல் வந்தவர்களும் உண்டு. முன்பு மனச்சோர்வு, கரு இழப்பு, கணவன் தூரத்தில் என்ற மூன்றையும் வைத்துச் சொல்லக்கூடியது, சராசரித் தாயைவிட அவருக்கு ஆபத்துக் கூடுதல், ஆகவே முன்கூட்டியே ஏற்பாடு செய்வது வீண்போகாது என்பதே. கூடுதல் ஆபத்து உள்ள பெண்களுக்குக் கர்ப்பத்திலேயே முறையான உளவளத்துணை கொடுத்தால் மனச்சோர்வு வருவது குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு 2019இல் அதை ஆராய்ந்து பரிந்துரைத்தது. அறிவுரையும் ஆறுதலும் உளவளத்துணை ஆகாது. கிழமைக்கு ஒரு அமர்வாக, பயிற்சி பெற்றவரோடு, சிந்தனையையும் உறவுச் சிக்கலையும் எடுத்துப் பேசும் முறை அது.

இந்த மாதத்திலேயே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். அந்தப் பகுதி மருத்துவமாதுவிடம் மனைவி தனியாகப் பேச வேண்டும். கிளினிக் வாங்கில் பக்கத்தில் ஊராட்களும் சொந்தக்காரரும் இருக்கும்போது பழைய மனச்சோர்வைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வீட்டுக்கு வரும்போதோ தொலைபேசியிலோ சொல்லலாம். முன்பு மாத்திரை எடுத்தது, எப்போது நிறுத்தியது, கரு கலைந்தது மூன்றையும் கிளினிக் கார்ட்டில் எழுதச் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாகவே மனநல வைத்தியரிடம் கடிதம் வாங்கலாம். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பிள்ளை பிறக்குமுன் ஒரு தடவையாவது அங்கே போய்வந்தால், பிறகு தேவைப்படும்போது பதிவும் இருக்கும், முகமும் பழகியிருக்கும்.

கிளினிக்கில் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். ஸ்கொட்லாந்தில் 1987இல் உருவாக்கப்பட்ட எடின்பரோ அளவுகோல். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 புள்ளி, மொத்தம் 30, கடந்த ஏழு நாளைப் பற்றியது. அது நோயைக் கண்டறியாது, மேலும் விசாரிக்க வேண்டியவர்களைப் பிரித்தெடுக்கும். மாமியோ தாயோ பக்கத்தில் இருந்து "இல்லை எண்டு போடு" என்றால் அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை. பத்தாவது கேள்வி தனக்குத் தீங்கு செய்யும் எண்ணம் பற்றியது. மற்றப் புள்ளிகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதற்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறெந்தப் பதில் வந்தாலும் அன்றே விசாரிக்க வேண்டும். கட்டாரில் இருந்து நீங்களும் இரண்டு கேள்வி கேட்கலாம், மாதத்துக்கு ஒருமுறையாவது: "இந்த ஒரு மாசத்தில மனம் சோர்ந்து, ஒண்டும் சரிவராது எண்ட மாதிரி அடிக்கடி இருந்துதோ?" "முந்தி விருப்பமாச் செய்த விசயங்களில இப்ப விருப்பம் இல்லாமல் கிடக்குதோ?" ஏதாவது ஒன்றுக்கு ஓம் என்றால் மருத்துவமாதுவுக்குச் சொல்லும் நேரம். வட்ஸ்அப்பில் வீடியோ எடுத்ததும் "பிள்ளையைக் காட்டு" என்று தொடங்காமல் இருப்பது நல்லது.

நித்திரைக்குத் திட்டம் போடுங்கள், இதுதான் வீட்டாட்கள் மருந்தில்லாமல் செய்யக்கூடியதில் பெரியது. பால் கொடுத்து முடிந்ததும் பிள்ளையை வாங்கி ஏவறை எடுக்க, துணி மாற்ற, தூங்கவைக்க ஒரு ஆள் இரவு முழுக்கப் பொறுப்பு. தாய் பால் கொடுக்க மட்டும் எழும்புவார். ஒரே ஆள் தினமும் செய்ய ஏலாது, அம்மம்மா, சித்தி, மாமி என்று நாள் பிரித்து எழுதிவையுங்கள். மூன்று நாலு கிழமை கழிந்து பால் நன்றாக ஊறத் தொடங்கியபின், எடுத்துவைத்த பாலைக் கோப்பையால் ஒரு வேளை கொடுத்தால் தாய்க்கு நாலு ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கிடைக்கும். எடுத்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள் வரை வைக்கலாம், எங்கள் வெக்கைக்கு வெளியில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இரவு இரண்டு மணி என்றால் உங்களுக்குப் பதினொன்றரை. பிள்ளை அழ, வீடு உறங்க, மனைவி தனியே விழித்திருக்கும் அந்த நேரத்தில் நீங்கள் பேசக்கூடிய நிலையில் இருப்பீர்கள். லீவைப் பற்றி என் எண்ணம்: கம்பனி ஒரு மாதந்தான் தரும் என்றால் அதை முழுக்கப் பிரசவத்துக்கே செலவழிக்காதீர்கள். பத்து நாள் பிரசவத்துக்கு, மிச்சத்தை முப்பத்தொன்று கழிந்த பிறகு. ஆட்கள் குவிந்திருக்கும் நாட்களில் உங்களுக்கு அங்கே பெரிதாக வேலை இருக்காது.

இனி அந்த மூன்றாவது நிலை. பிரசவமாகி இரண்டு கிழமைக்குள், சில வேளை இரண்டு மூன்று நாளிலேயே, தாய் நித்திரையே தேவையில்லாதவர் போல் நடமாடுவார், தொடர்பில்லாமல் பேசுவார், வீட்டாட்களைச் சந்தேகிப்பார், இல்லாத குரல் கேட்கும். ஒரு மணித்தியாலம் தெளிவு, அடுத்த மணித்தியாலம் குழப்பம். இருமுனைக் கோளாறு (மனம் சில காலம் அளவுக்கு மீறி எழும்பியும் சில காலம் சோர்ந்தும் போகும் நோய்) உள்ளவர்களுக்கும், தாய்க்கோ சகோதரிக்கோ இப்படி வந்திருந்தவர்களுக்கும் இது வரும் ஆபத்து அதிகம். முன்பு இது வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்தில் திரும்புவது இரண்டில் ஒன்று வரை என்று சொல்லலாம். மனைவியின் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டுவையுங்கள். பேய், செய்வினை என்ற பெயரில்தான் அது நினைவில் இருக்கும். கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை நான் தடுக்கவில்லை, ஆனால் அதற்கு முன் வைத்தியசாலை, 1990 அம்புலன்ஸ் இலவசம். பிள்ளையோடு தாயைத் தனியே விடக்கூடாது. நல்ல சிகிச்சையில் பெரும்பாலானோர் முழுக்கச் சுகமாகிறார்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. "பிள்ளை என்ர கையில இருந்து விழுந்திடுமோ", "நானே ஏதும் செய்துபோடுவனோ" என்று வேண்டாத எண்ணம் திடீரென மனதில் பாய, அதைக் கண்டு நடுங்கி, கத்தியை ஒளித்துவைக்கும் தாய் மனநிலை பிறழ்ந்தவர் இல்லை. பதகளிப்பில் வரும் எண்ணம் அது, புதுத்தாய்மாரில் மிகச் சாதாரணம், அந்த எண்ணத்தின்படி அவர் நடப்பதில்லை. பிள்ளையைப் பறித்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை என்பதால், கேட்பவர் பதறாமல் கேட்க வேண்டும். சாக வேண்டும் என்றோ, நான் இல்லாவிட்டால் பிள்ளைக்கு நல்லது என்றோ சொன்னால் அது வேறு; காத்திருக்காதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம், ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தோட்ட மருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் அன்றே வேறு வளவுக்கு மாற்றுங்கள். தோட்டம் செய்யும் வீடென்றால் இதை இப்போதே செய்து வைத்தாலும் பிழையில்லை.

மனச்சோர்வு வந்தாலும் தலையெழுத்து மாறிவிடாது. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் வீடுவீடாகப் போகும் சாதாரண சுகாதாரப் பெண் ஊழியர்களுக்கு உளவளத்துணை முறை ஒன்றைப் பழக்கி, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளைப் பார்க்கவைத்தார்கள். 2008இல் வந்த முடிவின்படி, பிள்ளைக்கு ஆறு மாதமானபோது அவர்களிடம் உதவி பெற்ற தாய்மாரில் 23 வீதமானோருக்கும், வழமையான சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 வீதமானோருக்கும் மனச்சோர்வு இருந்தது. எங்கள் மருத்துவமாதுகளின் படிப்பு அவர்களுடையதைவிடக் குறைந்ததல்ல. கடைசியாக உங்களுக்கு: பிள்ளை பிறந்த வருடத்தில் தகப்பன்மாரிலும் பத்தில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது, மனைவிக்கு வந்த வீட்டில் இன்னும் கூடுதலாக. கட்டாரில் அறையில் தனியே இருந்துகொண்டு நித்திரை குறைந்து, எரிச்சல் கூடி, வீட்டுக்குப் போன் எடுக்கவே மனம் வராமல் போனால், மேலே சொன்ன அந்த இரண்டு கேள்வியை உங்களையும் கேட்டுப் பாருங்கள்.